செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாக சபையினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வெங்காய நடுகைக் காலத்தில் மட்டும் வழக்கம்போல வரவு குறைவு. சந்தா விபரத்தைப் பொருளாளர் சொல்வார்.

எமது போஷகர் அம்மா இவ்வாண்டுடன் விலகுகிறார். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். போரினால் வடக்குக்கு உரமும் மண்ணெண்ணெயும் வரத் தடை இருந்த 1990களில் சங்கக்கடை வாசலில் நின்ற சனத்தைப் பார்த்துத்தான் உணவு உரிமை பற்றிப் பேசத் தொடங்கினார். எந்தக் கந்தோருக்குப் போனாலும் இலங்கை அரசியலமைப்பின் பிரதி அவர் பையில் இருக்கும். போதிய உணவு உள்ளிட்ட வாழ்க்கைத்தரம் எல்லோருக்கும் கிடைக்கச் செய்வது அரசின் குறிக்கோள் என்கிறது 27ஆம் உறுப்புரை. அதை வைத்து நீதிமன்றம் போக முடியாது என்கிறது 29ஆம் உறுப்புரை. இரண்டையும் வாசித்துவிட்டு, "வழக்குப் போடேலாது, அதாலதான் மனு எழுதுறம்" என்பார். 1980இல் இலங்கை இணைந்த பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் போதிய உணவுக்கான உரிமையைச் சொல்லும் 11ஆம் உறுப்புரையும் மனுவில் தவறாது. அந்தப் பந்தி எனக்கு மனப்பாடம்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது இயற்கை விவசாயம் பேசுவோர் சிலர் மகிழ்ந்தார்கள். அவர் எதிர்த்தார். கூட்டெருவுக்கு மாடும் குழையும் காலமும் வேண்டும், கமக்காரரைக் கேளாமல் செய்தால் உலைதான் காயும் என்றார். நவம்பரில் தடை நீங்கியது. ஆனாலும் அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் சரிந்தது. அதற்காக அவர் யூரியாவின் பக்கம் என்றில்லை. எமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் மிஞ்சிய உரம் நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும். யாழ்ப்பாணம் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். ஆகவே போகத்துக்குப் போகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்பதே அவர் வழி. தோட்டம் செய்பவர் கேட்கக்கூடிய பேச்சு அது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

அவர் தொடக்கிய விதைக்கடன் இவ்வாண்டும் நடந்தது. மொட்டைக்கறுப்பன் நெல்லுக்கும் குரக்கனுக்கும் நல்ல கேள்வி. ஒரு கொத்து எடுத்தால் இரண்டு கொத்துத் திருப்பவேண்டும். திருப்பாதவர்களின் பெயரை வாசிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும். காலபோக (பெரும்போக) விதைப்புக்கு முன் தந்தால் போதும்.

மரக்கறிச் சந்தையில் கமக்காரர் கொண்டுவரும் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ என்று கழிவு பிடிப்பது பற்றி அனுப்பிய மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பியுள்ளோம்.

பொன்னாடை வேண்டாம் என்று போஷகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூட்டம் முடிய ஒடியற்கூழ் உண்டு. புதிய போஷகர் தெரிவு, கணக்கறிக்கைக்குப் பின் நடைபெறும்.

நன்றி.

செயலாளர்