புரசைவாக்கத்திலிருந்து ஜோவாய் வரை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பேத்தியின் திருமணம் நல்லபடியாக முடிந்ததை அறிந்து வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. யூனிடேரியன் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் மிஷன் அயல்நாடுகளில் ஏன் பெரிதாக வளரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இறைவனைக் காணும் திரித்துவத்தை ஏற்காமல் இறைவன் ஒருவனே என்ற யூனிடேரியன்கள், பிற மதத்தவர் நரகத்துக்குப் போவார்கள் என்றும் பெரும்பாலும் நம்பவில்லை. அந்த அச்சம் இல்லாதவருக்குக் கப்பலேற என்ன அவசரம்?

அவர்களுடைய பிரிட்டிஷ், அமெரிக்கச் சங்கங்கள் இரண்டும் தற்செயலாக 1825 மே 26 அன்றே தோன்றின. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1795இல், சென்னையில் ஒரு யூனிடேரியன் சபை கூடத் தொடங்கிவிட்டது. அதை நிறுவியவர் எவரும் அனுப்பி வந்தவரல்லர். திருவேங்கடம் என்ற பெயருடன் பிறந்து, இளமையில் அடிமைப்பட்டு, பணியாளாக இங்கிலாந்து சென்று, அங்கே லிண்ட்சே, பிரீஸ்ட்லி ஆகிய ஆங்கில யூனிடேரியன்களின் எழுத்துகளைப் படித்துத் தெளிந்து, வில்லியம் ராபர்ட்ஸாக ஊர் திரும்பிய தமிழர். புரசைவாக்கத்தில் 1813இல் ஆலயமும் கட்டினார். லண்டன் யூனிடேரியன்கள் அவருக்கு உதவத் தொடங்கியது பிற்பாடுதான்.

கல்கத்தாவில் நடந்தது வேடிக்கை. பாப்டிஸ்ட் மிஷனரியான வில்லியம் ஆடம், ராம்மோகன் ராயுடன் சுவிசேஷத்தை வங்காளியில் பெயர்க்க அமர்ந்து, 1821இல் தாமே யூனிடேரியன் ஆனார்! ஆயினும் அவர்கள் அமைத்த குழு நிலைக்கவில்லை; ராய் 1828இல், ஒரே இறைவனை வழிபடும் பிரம்ம சபையைத் தொடங்கினார்.

நிலைத்தது இன்றைய மேகாலயாவின் காசி-ஜெயந்தியா மலைகளில்தான். அங்கே வேல்ஸ் நாட்டுக் கிறிஸ்தவர்கள் நடத்திய வெல்ஷ் மிஷனில் சேர்ந்து, அதன் கோட்பாடு மனத்துக்கு ஒவ்வாமல் விலகிய ஹாஜோம் கிஸ்ஸோர் சிங் என்ற இளைஞர், தம்மைப் போல எண்ணுவோர் கல்கத்தாவில் இருப்பதைக் கேள்விப்பட்டு, 1855 முதல் கல்கத்தாவில் பணிபுரிந்த அமெரிக்க யூனிடேரியன் மிஷனரி சார்லஸ் டாலுக்குக் கடிதம் எழுதினார். டால் நூல்களை அனுப்பினார், 1886இல் காலமானார். மறு ஆண்டு செப்டம்பர் 18 அன்று அம்மலைகளில் உள்ள ஜோவாய் என்ற ஊரில் சிங் சிலரோடு முதல் வழிபாட்டை நடத்தினார். அந்தச் சபை இன்றும் இருக்கிறது. 1930களில் மார்கரெட் பார் என்ற ஆங்கிலப் பெண்மணி அங்கே சென்றபோது மதம் மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. கல்வியிலும் கிராம மருத்துவத்திலும் 1973இல் இறக்கும்வரை உழைத்தார். மிஷனரி என்றால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். நீங்கள் மறுப்பீர்கள், தெரியும்.

தங்கள் மருமகன் ஷில்லாங்கில் பணியில் இருப்பதாக எழுதியிருந்தீர்களே, ஒரு ஞாயிறு ஜோவாய் வழிபாட்டைக் கண்டுவந்து எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்