நீ அனுப்பிய படம் பற்றி

திருகோணமலை

அன்பின் தேவன்,

உன் செய்தியும் படமும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று இந்த முறை கடுமை. மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. மனைவிக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்க் குளித்ததால்தான் என்கிறாள். உன் அக்காவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது நிம்மதி. அவவை நான் விசாரித்ததாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகன் உப்புவெளியில் எடுத்த படத்தில், கடலுக்கு மேலே வலது மூலையில், நீலப்பச்சையாக ஒரு நீள்வட்டம் தெரிகிறது. "நீ நில அளவையில் இருந்தவன், இது பறக்கும் தட்டா இல்லையா என்று ஒரு முடிவு சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். ரொறன்ரோவில் சொந்தக்காரர் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாக்குவாதப்படுவதாகவும், பெடியனைச் சிலர் பகிடி பண்ணுவதாகவும் எழுதியிருந்தாய். அதை வாசித்தபோது மனம் கஷ்டப்பட்டது. ஒரு பிள்ளை தான் கண்டதைக் கொண்டுவந்து காட்டினால், அதை எடுத்து வைத்துப் பொறுமையாகப் பார்ப்பதுதான் பெரியவர்கள் செய்யவேண்டியது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது இது: ஒரே இடத்தில் நின்று பார்த்தால் ஒரு பொருள் இருக்கும் திசை மட்டும்தான் கிடைக்கும், தூரம் கிடைக்காது. தூரம் தெரியாவிட்டால் பருமனும் தெரியாது, வேகமும் தெரியாது. ஒரு புகைப்படமும் ஒரே இடத்தில் நின்று எடுத்த அளவீடுதான். 1 மீட்டர் தூரத்தில் பறக்கும் 1 சென்ரிமீட்டர் பூச்சி, 10 மீட்டர் தூரத்தில் எறிந்த 10 சென்ரிமீட்டர் மூடி, 1 கிலோமீட்டர் தூரத்தில் போகும் 10 மீட்டர் விமானம், மூன்றும் படத்தில் ஒரே அளவாகத்தான் விழும். முழுநிலவின் அளவும் ஏறத்தாழ அதுவே. ஆகவே "இது ஒரு கப்பல் அளவு இருக்கும்" என்று படத்தைப் பார்த்து உன் மச்சினர் சொன்னாரே, அவர் தூரத்தைத் தன் மனதில் முதலே நிர்ணயித்துவிட்டுத்தான் பேசுகிறார்.

இன்னொன்று. சாதாரண போன் கமெராவில் 4000 பிக்சல் அகலமுள்ள படத்தில் நிலவு வெறும் 25 பிக்சல் அளவுக்குத்தான் இருக்கும். அதைப் பெரிதாக்கினால் வருவது கமெரா கண்டது அல்ல, மென்பொருள் இட்டு நிரப்பியது. இப்போதைய போன்கள் ஒரு தடவை அழுத்தினால் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, இரைச்சலை (தேவையற்ற புள்ளிகளை)த் துடைத்து, விளிம்புகளைக் கூர்மையாக்கித்தான் தருகின்றன. உன் படத்தில் அந்த நீள்வட்டத்தின் ஓரத்தில் "ஜன்னல்கள்" தெரிவதாகச் சொல்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்.

பெடியன் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, படம் எடுக்கும்போது அவன் எதையும் காணவில்லை, அறைக்குப் போய்ப் பார்த்தபோதுதான் கண்டான் என்பது. கண் காணாததைக் கமெரா கண்டால் முதலில் கமெராவுக்குள்ளேயே தேட வேண்டும். அந்தப் படத்தில் இடது கீழ்ப்பக்கம் ஹோட்டல் விளக்கு ஒன்று பிரகாசமாக எரிகிறது. கமெராவின் கண்ணாடி வில்லைகளுக்குள் அந்த வெளிச்சம் பட்டுத் தெறித்தால், படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு வெளிறிய பச்சைப் பொட்டு விழும். விளக்கிலிருந்து நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டில், அதே தூரத்தில், அந்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் நீ அனுப்பியது வெட்டிச் சுருக்கிய படம். நடுப்புள்ளி எது என்று எனக்குத் தெரியவில்லை. அதோடு வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், எடுத்த நேரம், வில்லை, வெளிச்சம் விட்ட நேரம் என்று கோப்பில் பதிந்திருக்கும் விபரமெல்லாம் போய்விடும். ஆகவே வெட்டாத மூலப்படத்தை டொக்கியுமென்டாக அனுப்பச் சொல். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் வேண்டும். போன் கொஞ்சம் அசைந்ததும் விளக்கு ஒரு பக்கம் நகர, பொட்டு எதிர்ப்பக்கம் நகர்ந்திருந்தால் கதை முடிந்தது. அப்படி இல்லாவிட்டால் நானும் உன்னோடு சேர்ந்து யோசிக்கத் தயார்.

மூலம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பாய். 1950 மே 11ஆம் திகதி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மக்மின்வில் அருகே போல் ட்ரென்ட் என்ற விவசாயி பறக்கும் தட்டு என்று சொல்லித் தன் தோட்டத்தில் எடுத்த இரண்டு படங்கள் உலகப் புகழ் பெற்றவை. லைஃப் சஞ்சிகையிலும் வந்தன. பிறகு 1966 முதல் 1968 வரை அமெரிக்க விமானப்படையின் பணத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கொண்டன் தலைமையில் பறக்கும் தட்டுகள் பற்றிய ஆய்வு நடந்தபோது, வில்லியம் ஹார்ட்மன் என்ற வானியலாளர் அந்தப் படச்சுருளை எடுத்து அளந்து பார்த்தார். அவருடைய முறை எனக்கு மிகவும் பிடித்தது. தூரம் கூடக் கூட இடையில் உள்ள காற்றும் தூசும் ஒரு பொருளின் இருண்ட பாகத்தை வெளிறச் செய்யும். நாங்கள் திருகோணமலையிலிருந்து கொட்டியாரக் குடாவின் அக்கரையைப் பார்த்தால் மரங்கள் கருமை இழந்து நீலமாகத் தெரிவது அதனால்தான். தட்டின் அடிப்பாகம் அருகிலிருந்த தொட்டியின் நிழலை விட வெளிறியிருந்ததால், அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரத்தில் இருந்திருக்கலாம் என்று அவர் கணித்தார்.

அதோடு முடியவில்லை. 1970களில் ரொபர்ட் ஷேஃபர் என்பவர் அதே படங்களில் கொட்டகைச் சுவரில் விழுந்த நிழலைப் பார்த்தார். சாயந்தரம் எடுத்ததாக ட்ரென்ட் சொன்னார்; நிழலோ சூரியன் கிழக்கே இருந்ததைக் காட்டியது. வில்லையில் அழுக்குப் படிந்திருந்தாலும் இருண்ட பாகம் வெளிறும் என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். ஹார்ட்மனே தன் கணிப்பை மறுபரிசீலனை செய்தார். படத்தில் தட்டுக்கு மேலே மின்கம்பிகள் போகின்றன. அதில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கலாம் என்பது எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது. ட்ரென்ட் குடும்பம் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. படச்சுருள் பத்திரமாக இருந்தபடியால்தான் இருபது வருடத்துக்குப் பிறகும் அதனிடம் புதுக் கேள்வி கேட்க முடிந்தது. சுவரும் தொட்டியும் கம்பியும் படத்தில் இருந்ததும் உதவியது.

அப்படி எதுவும் இல்லாத படம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. 1990இல் பெத்தி ரெஷென் என்ற ஊரில் எடுத்ததாகச் சொன்ன கறுப்பு முக்கோணம், மூலைக்கொரு வெளிச்சம், சுற்றிலும் இருள். வீடு இல்லை, மரம் இல்லை, நட்சத்திரம் இல்லை. படித்தவர்கள் கணினியில் போட்டு ஆராய்ந்து, இதைப் போலியாகச் செய்வது கடினம் என்று எழுதினார்கள். 2011இல் அதை எடுத்தவர் தானே முன்வந்து, ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) துண்டில் வெளிச்சம் பொருத்தித் தொங்கவிட்டது என்று சொன்னார். அளப்பதற்கு ஒன்றுமில்லாத படத்தை எவ்வளவு நுட்பமான கருவியால் பார்த்தாலும் பிரயோசனம் இல்லை, மச்சான். இப்போது நாலு வரி எழுதினால் கணினியே படம் வரைந்து தந்துவிடுகிறது. ஒரு படம் எங்கிருந்து, யார் கையால் வந்தது என்பதைக் கேட்காமல் இனி எதையும் ஏற்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

மாறாக, அளவுகள் கூடவே வந்தால் படம் எவ்வளவு பேசும் பார். 2015இல் அமெரிக்கக் கடற்படை விமானம் எடுத்த 'கோ பாஸ்ட்' காணொளியில் ஒரு வெள்ளைப் புள்ளி கடல்மேல் பறந்து ஓடுகிறது. பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். ஆனால் திரையில் தூரமும் கோணமும் விமானத்தின் வேகமும் எழுதியிருந்தன. நாசாவின் ஆய்வுக்குழு 2023இல் அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டது. பொருள் கடலை ஒட்டி அல்ல, சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. வேகம் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர், காற்றோடு மிதந்தால் வரும் வேகம். ஓடியது பெரும்பாலும் விமானம்தான். கந்தளாய் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது கிட்டே உள்ள மரம் தூரத்து மலையின் மேல் ஓடுவது போலத்தான் இதுவும்.

எங்கள் ஊர் வானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருமகன் அதைக் கேட்டிருந்தான். சீனன்குடாவில் இறங்க வரும் விமானம் எங்களை நோக்கி வந்தால் முன்விளக்கு கனநேரம் அசையாமல் நிற்பது போலத் தெரியும். 2019க்குப் பிறகு ஸ்டார்லிங்க் செய்மதிகள் ஏவிய புதிதில் வரிசையாக ஊர்ந்து போகின்றன. வடக்கே வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு விளக்குப் பூட்டி ஏற்றும் பட்டங்களை முதல்முறை காண்பவர் என்ன நினைப்பார்? எல்லாவற்றிலும் அழகானது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போகும் ரொக்கெட். இங்கிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல். துருவங்களுக்கு மேலான பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி ரொக்கெட் இலங்கைக்கு மேலே பறக்கக்கூடாது என்று கிழக்கே விலகி வளைந்து, வங்காள விரிகுடாவின் மேல்தான் தெற்கே போகும். கீழே இருட்டியிருக்க மேலே இன்னும் வெயில் படும் நேரமாக இருந்தால், அதன் புகை விசிறி போல விரிந்து ஒளிரும். காண்பவர் பயப்படுவதில் ஆச்சரியமில்லை.

இவற்றைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. ஒருவர் கோணேசர் கோயிலடியிலும் இன்னொருவர் மூதூர் கரையிலும் நின்று ஒரே நேரத்தில் கிழக்குப் பக்கம் படம் எடுக்க வேண்டும். இடைத்தூரம் சுமார் 15 கிலோமீட்டர். கோயிலுக்குக் கிழக்கே 2 கிலோமீட்டரில் ஒரு விளக்குப் பட்டம் பறந்தால் மூதூர்க்காரருக்கு அது ஏறக்குறைய வடக்கே தெரியும். 200 கிலோமீட்டரில் ரொக்கெட் என்றால் நட்சத்திரங்களுக்கு இடையில் 4 பாகை மட்டும் இடம் மாறும். வெள்ளிக் கிரகம் மாறவே மாறாது. இரண்டு போன், ஒரு கடிகாரம், வேறு ஒன்றும் தேவையில்லை.

விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இந்தக் கோயில் மலையடியில்தான் சுழியோடினார். வானத்தை அவர் அளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. அவரும் இயக்குநர் ஸ்ரான்லி குப்ரிக்கும் 1964 மே 17 இரவு நியூயோர்க்கில் ஒரு பிரகாசமான வெளிச்சத்தைக் கண்டு பரபரப்பானார்கள். பிறகு நேரத்தை வைத்துச் சரிபார்த்ததில் அது எக்கோ என்ற பலூன் செய்மதி என்று தெரிந்தது. அவருக்கே அது நடந்தது என்று மருமகனிடம் சொல். சரிபார்க்கும் வரை அவர் அதை விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்.

எனக்கும் ஆசைதான், தேவன். வேறு உலகத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்று நிரூபணமானால் என்னைவிடச் சந்தோஷப்படுபவன் இருக்கமாட்டான். அதனால்தான் ஓட்டைப் படங்களைச் சான்று என்று சொல்லி அந்தக் கேள்வியைக் கெடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

படங்கள் வந்ததும், அதே நேரத்தில் அந்த ஹோட்டல் முன்னால் போய், அதே விளக்கு தெரியும்படி நானும் எடுத்து அனுப்புகிறேன். அவன் நின்ற இடம் எது, எந்தப் போன் என்று எழுதச் சொல். சனி, ஞாயிறு உங்கள் காலை நேரத்தில் என்னைக் கூப்பிட்டால் நேரடியாகவே கதைக்கலாம்.

அன்புடன்,
நடா