மூடும் முன் ஒருமுறை படமெடுக்க விடுங்கள்

கைவிடப்பட்ட நிலத்தடிக் கற்சுரங்கங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் கனிமவள, தொல்லியல், வன உயிர்த் துறைகளின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கட்டடக் கல் வெட்டுவதற்காகத் தோண்டப்பட்டு, வேலை ஓய்ந்தபின் கேட்பாரற்றுக் கிடக்கும் நிலத்தடிச் சுரங்கங்களுக்குள் உரிய அனுமதியோடு இறங்கிப் படமெடுப்பவர்களில் நானும் ஒருவன். அந்தச் சுரங்கங்களின் வாயில்களை நீங்கள் ஒவ்வொன்றாக அடைத்து வருகிறீர்கள். அடைக்கவே கூடாது என்று வாதிட நான் வரவில்லை. அடைப்பதற்கு முன் உள்ளே இருப்பதை முறையாகப் படமெடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்பதும், சுவர் எழுப்பியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லாத வாயில்களில் கம்பிக் கதவு போடுங்கள் என்பதுமே என் கோரிக்கை.

உங்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லை அறை அறையாக வெட்டியெடுத்து, இடையிடையே தூண்களை விட்டுக் கூரையைத் தாங்கச் செய்வதுதான் இத்தகைய சுரங்கங்களின் பழைய முறை. நல்ல கல் தீர்ந்துபோகும் காலத்தில் அந்தத் தூண்களின் மீதும் கைவைத்திருப்பார்கள். போதாததற்கு, ஈரம் ஊறிய மென்மையான சுண்ணக்கல் தன் வலுவில் பெரும்பங்கை இழந்துவிடக் கூடும். பாரிஸில் 1774 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு தெருவின் ஒரு பகுதி பழைய கற்சுரங்கத்துக்குள் இறங்கியதைத் தொடர்ந்து, 1777 இல் அரசர் பதினாறாம் லூயியின் ஆட்சியில் சுரங்கங்களை ஆய்வு செய்து தாங்குச் சுவர் கட்டுவதற்கென்றே தனித் துறை ஏற்படுத்தப்பட்டது. அப்படியும் 1961 இல் பாரிஸை ஒட்டிய கிளமார் பகுதியில் நிலத்தடிச் சுண்ணக்கல் சுரங்கம் சரிந்து 21 பேர் இறந்தார்கள். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் பெல்ஜியத்தில், காளான் வளர்க்கப் பயன்பட்டு வந்த பழைய கற்சுரங்கம் ஒன்று இடிந்து 18 உயிர்களைக் கொண்டுபோனது. மேலே வீடுகள் நிற்கும் இடத்தில், கீழே தூண்கள் விரிசல் கண்டிருந்தால், நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை நானும் ஏற்கிறேன்.

ஆனால் நிரப்பும்போது என்ன அழிகிறது என்பது பல கோப்புகளில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை. சுரங்கச் சுவர் வெறும் பாறை முகம் அல்ல; அதில் வேலை நடந்த விதம் முழுவதும் பதிந்திருக்கிறது. பிக்காசுத் தழும்புகள் சாய்ந்திருக்கும் திசையை வைத்துத் தொழிலாளி எந்தப் பக்கம் நின்று வெட்டினார் என்று சொல்லலாம். ஆப்பு அடித்த குழிகள் எங்கே நின்று, வாள் கொண்டு அறுத்த வழவழப்பான முகம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்த்தால் வெட்டுமுறை மாறிய கட்டம் தெரியும். தரையில் வண்டிச் சக்கரத் தடம், கூரையில் பாரந்தூக்கியின் நடுமரம் பொருந்திய குழி, விளக்கு வைத்த மாடத்துக்கு மேலே கரிப்புகை, கழிவுக் கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கி எழுப்பிய சுவர் என்று ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைச் சொல்கின்றன. நான் படமெடுத்த ஒரு தூணில் கரித்துண்டால் எழுதிய கணக்கு இருந்தது: நான்கு நிமிர்ந்த கோடுகள், அவற்றின் குறுக்கே ஐந்தாவது, அதே போல வரிசையாக, பக்கத்தில் பாளங்களின் அளவுகள். அதற்குக் கீழே வேறொரு கை அதே கணக்கை அடித்துத் திருத்தி, இரண்டு கட்டுகளைக் குறைத்திருந்தது. கூலித் தகராறாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன், நிரூபிக்க வழியில்லை. அந்தத் தூண் நின்ற பகுதி இப்போது கான்கிரீட்டுக்குள் இருக்கிறது. நிரப்ப வந்தவர்கள் எவரும் அந்தக் கணக்கைப் பதிவு செய்யவில்லை.

இந்தப் பதிவை ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் கைபேசியில் எடுக்கும் நாலு படங்களோடு முடித்துவிடலாம் என்று எண்ணக் கூடும். முடியாது, ஏனென்றால் வெளிச்சமே இல்லாத இடத்தில் வெளிச்சத்தை நாம்தான் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது. கேமராவின் மேலேயே பொருத்திய ஃபிளாஷை நேராக அடித்தால் எதிரே உள்ள சுவர் வெளுத்துத் தட்டையாகிவிடும். தழும்பு ஒன்றும் தெரியாது. படமெடுப்பவர் விட்ட மூச்சே குளிர்ந்த ஈரக் காற்றில் ஆவியாக நின்று, ஒளியைத் திருப்பி அனுப்பிப் படம் முழுவதும் வெண்புள்ளிகளைத் தெளித்துவிடும். ஆகவே கேமராவை டிரைபாடில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, விளக்கைச் சுவரோடு சுவராகத் தாழ்வாகப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நிழல் விழுந்து, கண்ணால் நேரில் பார்த்தபோது தெரியாத எழுத்துகூடப் படத்தில் எழும்பும். நீளமான அறையின் ஆழத்தைக் காட்ட, தூணுக்குப் பின்னால் ஒருவர் விளக்கோடு மறைந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு சட்டகத்திலும் அளவுகோல் இருக்க வேண்டும். படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி உருவாக்குவதானால், அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதிக்கும் மேல் படிந்து வரும்படி சுவர் முழுவதையும் எடுத்தாக வேண்டும். பாரிஸின் பழைய கற்சுரங்கங்களில் அமைந்த நிலத்தடி எலும்பறைகளை 1861 இல் மின்விளக்கு வைத்துப் படமெடுத்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் நாதார், சில படங்களுக்கு ஏறக்குறைய 18 நிமிடம் ஒளிபடவிட வேண்டியிருந்ததால், அசையாமல் நிற்க ஆள் கிடைக்காமல் தொழிலாளிக்குப் பதிலாகப் பொம்மையை நிறுத்தினார். இன்றைய கருவிகள் அந்த நேரத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன என்றாலும், நிதானத்தின் தேவை குறையவில்லை.

அந்த நிதானம் வேலி தாண்டி வருகிறவனுக்கு வாய்க்காது. பிடிபட்டுவிடுவோமோ என்ற அவசரத்தில் அவன் எடுப்பது பெரும்பாலும் தன்னையும் ஒரு சுரங்க வளைவையும்தான். பாரிஸில் பழைய சுரங்கங்களுக்குள் பொதுமக்கள் நுழைவதற்கு 1955 முதல் தடை உண்டு; காவலர்கள் கண்காணித்தும் நுழைவோர் நின்றபாடில்லை. முழுத்தடை ஆட்களை வெளியே நிறுத்துவதில்லை. முறையாக விண்ணப்பித்து, காத்திருந்து, நிபந்தனைக்குக் கட்டுப்படக் கூடியவர்களை மட்டுமே வெளியே நிறுத்துகிறது.

எங்கள் தரப்பிலும் குறை இருக்கிறது. எஃகுப் பஞ்சைக் கொளுத்திக் கயிற்றில் சுழற்றி, பொறி மழை பெய்வது போலப் படம் எடுக்கும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. அந்தப் பொறிகள் நூற்றாண்டு கடந்த எழுத்துகளின்மேல் விழுகின்றன, புகை கூரையில் படிகிறது, வௌவால்கள் கலைகின்றன. இத்தகையவர்களுக்கு அனுமதி மறுத்தால் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன்.

வௌவால்களைப் பற்றி வன உயிர்த் துறையினரோடு தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆழமான சுரங்கத்தில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறாது. குளிர் நாடுகளில் வௌவால்கள் உறைதுயிலுக்கு அதைத் தேடி வருவது அதனால்தான். துயிலின் நடுவே ஒரு முறை விழித்தாலும், குளிர்காலத்தைக் கடத்தச் சேர்த்து வைத்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகும். 2006 இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் முதலில் கண்டறியப்பட்ட வெண்மூக்கு நோய் வட அமெரிக்காவில் பல லட்சம் வௌவால்களைக் கொன்றுவிட்டது. அதற்குக் காரணமான பூஞ்சை காலணியிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த சுரங்கத்துக்குப் போகக் கூடியது. துயில்காலத்தில் எவரையும் விடாதீர்கள், மற்றக் காலங்களில் கருவிகளைத் தூய்மை செய்தபின்பே விடுங்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாயிலைச் சுவரால் அடைத்தால் வௌவாலின் வழியும் அடைபடுகிறது, காற்றோட்டம் மாறி உள்ளே ஈரமும் வெப்பமும் மாறுகின்றன. கிடைக்கம்பிகளுக்கிடையே சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அமைக்கும் கதவு வௌவாலை விடும், ஆளை விடாது. பூட்டின் சாவி உங்களிடம் இருக்கும். கதவு வைத்த சுரங்கத்தைப் பின்னாளில் ஆய்வு செய்யவும் முடியும். சுவருக்குப் பின்னால் கூரை தொய்கிறதா என்பதை யார் போய்ப் பார்ப்பது?

அடைப்பதையும் பதிவு செய்வதையும் சேர்த்துச் செய்ய முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் பாத் நகரை அடுத்த கூம் டவுன் சான்று. வீடுகளுக்கு அடியில் இருந்த கற்சுரங்கங்களை நுரைக் கான்கிரீட்டால் நிரப்பும் பெரும்பணி அங்கே 2000 களில் நடந்தபோது, தொல்லியலாளர்கள் உள்ளே இறங்கிப் பதிவு செய்தார்கள், வௌவால்களுக்கென வழிகளும் விட்டு வைக்கப்பட்டன. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகருக்கு வெளியே உள்ள சிண்ட் பீட்டர்ஸ்பெர்க் சுரங்கங்களில் வழிகாட்டியோடு பார்வையாளர்களை அழைத்துச் செல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தைப் பாதுகாத்து வைத்த அந்த இடம், சுவர்களில் பல நூற்றாண்டுப் பெயர்களோடும் ஓவியங்களோடும் இன்றும் காணக் கிடைக்கிறது.

அனுமதிக்கு நீங்கள் வைக்கும் நிபந்தனைகள் கடுமையாகவே இருக்கட்டும். சுரங்கப் பொறியாளர் முன்கூட்டிப் பார்த்துக் கூரை நிலையைச் சான்றளிக்கட்டும். அவர் வேண்டாம் என்ற அறைக்குள் நாங்கள் காலெடுத்து வைக்க மாட்டோம். தாழ்ந்த மூலைகளில் கரியமில வாயு தேங்கும் என்பதால் காற்றை அளக்கும் கருவி இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது. ஹெல்மெட்டும் ஆளுக்கு மூன்று தனித்தனி விளக்குகளும் வேண்டும். வெளியே ஒருவர் நேரம் குறித்துக் காத்திருக்க, அந்த நேரத்துக்குள் தகவல் வரவில்லையென்றால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும். வாயில் இருக்கும் இடத்தை எங்கும் வெளியிடுவதில்லை என்று எழுதிக் கொடுக்கிறோம்.

எடுத்த படங்களின் மூலக் கோப்புகளும், எந்தப் படம் எந்தத் தூணில் எடுக்கப்பட்டது என்று குறித்த வரைபடமும் கட்டணமின்றி உங்கள் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேரும். இதற்காகப் புதிய சட்டமோ தனிக் குழுவோ தேவைப்படாது. அடைக்கும் வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் ஆவணத்திலேயே, பொறியாளர் ஆய்வுக்குப் பிறகும் முதல் லாரி கான்கிரீட்டுக்கு முன்பும் படப்பதிவுக்கு நாள் ஒதுக்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்துவிட்டால் போதும். அடுத்த ஆவணம் தயாராகும்போது அந்த விதியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கற்சுரங்கங்களைப் படமெடுப்பவன்