தென்மேற்குப் பருவத்தில் விற்கப்பட்ட இலங்கைக் கடற்கரைச் சுற்றுலா குறித்த புகார்

அனுப்புநர்: விடுதி உரிமையாளர், ஏற்காடு, சேலம் மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு, சேலம் கிளை.

பொருள்: நடைபெறாத கடல் நிகழ்ச்சிகளுக்கான கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

விடுதி நடத்துவதால், கோடை விழாக் கூட்டம் ஓய்ந்த பிறகே எங்கள் குடும்பத்துக்கு வெளியூர் செல்ல வாய்க்கும். அதைத் தங்கள் கிளையில் சொல்லித்தான் ஜூன் மாதத்துக்கு இலங்கைச் சுற்றுலாவை முன்பதிவு செய்தோம். பெந்தோட்டையில் கடல் குளியல், ஹிக்கடுவையில் கண்ணாடித் தளப் படகில் பவளப்பாறை, மிரிஸ்ஸவில் திமிங்கிலம் என மூன்றும் கட்டணத்தில் அடங்கும் என்று பயணத் திட்டத்தில் அச்சிட்டிருந்தீர்கள். மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

மழை பெய்ததற்காக இதை எழுதவில்லை. சேர்வராயன் மலையில் வாழ்பவர்களுக்கு மழையும் மூடுபனியும் புதிதல்ல. இலங்கையின் தென்மேற்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை பருவக்காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் என்பதும், திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸவுக்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்பதும் இத்தொழிலில் உள்ள எவருக்கும் தெரிந்திருக்க, அவற்றை மறைத்து ஜூனில் விற்றதே என் குறை. பெந்தோட்டையில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். முழங்கால் நனையும் முன்பே காவலர் விசில் அடித்தார். மிரிஸ்ஸ துறைமுகத்தில் படகுகள் தார்ப்பாய் போர்த்திக் கட்டப்பட்டிருந்தன. எங்களிடம் இருந்த முன்பதிவுச் சீட்டை வாங்கிப் பார்த்த படகுக்காரர், "இந்த மாசத்துக்கு யார் இதைப் போட்டுக் கொடுத்தது?" என்று எங்களையே கேட்டார்.

இதே மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை தமிழகத்துக்கு மறைப்பாக நிற்பதுபோல, அங்கும் நடுவிலுள்ள மலைநாடு தென்மேற்கு மழையைத் தடுத்துவிடுகிறது. திருகோணமலையையோ நிலாவெளியையோ பரிந்துரைத்திருந்தால் கடலிலும் இறங்கியிருப்போம், சம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரத்தையும் தரிசித்திருப்போம். அப்படி ஒரு வழி இருப்பதாகத் தங்கள் அலுவலர் மூச்சுகூட விடவில்லை.

அறை, உணவு, வாகனம் ஆகியவற்றில் குறையில்லை. எங்கள் முகவாட்டத்தைப் பார்த்த ஓட்டுநர், தாமாகவே பலப்பிட்டியவில் மாது கங்கை ஆற்றில் படகுச் சவாரிக்கு அழைத்துச் சென்றார். தூறலில் அலையாத்திக் காட்டுக்குள் சென்ற அந்தப் பொழுது மட்டுமே மனத்தில் நிற்கிறது; அதற்கும் நாங்கள் தனியாகப் பணம் கொடுத்தோம்.

திரும்பியதும் முறையிட்டபோது, பருவநிலை மாற்றங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். எதிர்பாராமல் வரும் புயலுக்கு அது பொருந்தலாம். ஆண்டுதோறும் வரும் பருவக்காற்றுக்கு எப்படிப் பொருந்தும்? ஏற்காடு ஏரியில் காற்று வலுத்துப் படகை நிறுத்தினால், டிக்கெட் கொடுப்பதையும் நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே, மூன்று நிகழ்ச்சிகளுக்கும் உரிய கட்டணத்தைக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புமாறும், மே முதல் செப்டம்பர் வரையிலான பயணத் திட்டங்களில் கடலின் நிலையை வெளிப்படையாக அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடருவேன். பயணத் திட்டம், ரசீது, பயன்படாத முன்பதிவுச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஏற்காடு.