கூட்டைப் பற்றி மட்டும் பேசினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒலிம்பிக் கட்டடங்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் பெய்ஜிங்குக்கு ஒதுக்கிய இடம் முழுவதையும் ‘பறவைக்கூடு’ அரங்கமே எடுத்துக்கொண்டது. அதன் பக்கத்திலேயே அதே 2008 போட்டிகளுக்காகக் கட்டிய நீச்சல் அரங்கம் ‘வாட்டர் கியூப்’புக்கு ஒரே ஒரு வரி. என்னைக் கேட்டால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

பறவைக்கூடு அழகுதான். ஸ்விட்சர்லாந்தின் கட்டடக்கலை நிறுவனமான ஹெர்ஸோக் - டி மியூரோன் வடிவமைத்தார்கள், சீனக் கலைஞர் ஐ வெய்வெய் ஆலோசனை சொன்னார், எல்லாம் சரி. ஆனால் அந்த எஃகுப் பின்னல் ஏன் வந்தது என்பதைக் கட்டுரை தொடவில்லை. அரங்கத்துக்குத் திறந்து மூடும் கூரை போடுவதாகத்தான் முதலில் திட்டம். அதைத் தாங்கும் நேரான பெரிய உத்தரங்கள் கண்ணை உறுத்தக் கூடாதே என்றுதான் குறுக்கும் நெடுக்குமாக எஃகுச் சட்டங்களை ஓடவிட்டார்கள். 2004இல் செலவைக் குறைக்கக் கூரையையே கைவிட்டார்கள். மறைக்க வேண்டியது போய்விட்டது, மறைப்பு மட்டும் நிற்கிறது! அதற்கு 40,000 டன்னுக்கு மேல் எஃகு.

வாட்டர் கியூப் கதை வேறு. 177 மீட்டர் நீள அகலம், 31 மீட்டர் உயரம். உருவத்தில் சாதாரணப் பெட்டி. சங்கதி சுவரில் இருக்கிறது. ஓர் இடத்தை ஒரே கொள்ளளவுள்ள அறைகளாகப் பிரிக்க வேண்டும், தடுப்புச் சுவர்களின் பரப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும். எந்த வடிவம் நல்லது? நுரையில் குமிழ்கள் இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கணக்கு இது. இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1887இல் ஒரு விடை சொன்னார். நூறு ஆண்டுக்கு மேல் அதை யாரும் மிஞ்சவில்லை. 1993இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டெனிஸ் வேர், ராபர்ட் ஃபெலன் இருவரும் கணினியின் துணையோடு அதைவிடச் சிக்கனமான ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இயற்பியல்காரர்களின் அந்த நுரைக் கணக்கைத்தான் ஆஸ்திரேலியாவின் பிடிடபிள்யூ கட்டடக்கலை நிறுவனமும் அரூப் நிறுவனப் பொறியாளர்களும் சீனக் கூட்டாளிகளோடு சேர்ந்து கட்டடமாக்கினார்கள். நுரையைச் சாய்த்து வெட்டியதால் வெளியே குமிழ்கள் இஷ்டத்துக்குச் சிதறியதுபோலத் தெரியும். உள்ளே திரும்பத் திரும்ப வருவது இரண்டே வகை அறைகள். அலங்காரமும் அந்தக் குமிழ்ச் சட்டகம்தான், பாரம் தாங்குவதும் அதுதான்.

குமிழ்களை மூடியிருப்பது ஈடிஎஃப்இ என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம், காற்றடைத்த தலையணைகளாக. கண்ணாடியைவிட எடை மிகக் குறைவு. பகல் வெளிச்சமும் வெயிலின் சூடும் உள்ளே வருவதால் குளத்து நீரைச் சூடாக்கும் செலவிலும் மிச்சம். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 8 தங்கம் வென்றது இங்கேதான். (அந்த ஆண்டு நீச்சலில் உலக சாதனைகள் குவிந்ததில் புது நீச்சலுடைக்கும் பங்கு உண்டு, அது தனிக் கதை.)

போட்டி முடிந்த பிறகும் கட்டடம் சும்மா இருக்கவில்லை. 2010இல் ஒரு பகுதியை நீர் விளையாட்டுப் பூங்காவாக்கினார்கள். 2022 குளிர்கால ஒலிம்பிக்குக்கு நீச்சல் குளத்தின் மேல் சட்டகம் அமைத்து, பனித்தளம் உறையவைத்து, பனியில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் போட்டிகளை நடத்தினார்கள். பறவைக்கூட்டிலும் 2022 தொடக்க விழா நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. விழா நடத்துவது வேறு, குளத்தைப் பனித்தளமாக்கி மறுபடி குளமாக்குவது வேறு.

கட்டுரையைத் தொடராக்கும் எண்ணம் இருந்தால், மியூனிக் 1972 அரங்கத்தின் கூடாரக் கூரையையும் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃப்ரை ஓட்டோவையும் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்.

- ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், திருச்சி