வெண்கலத்தை விட விதை பெரிது

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியின் செட்டமூராவில் தோண்டப்பட்ட பழங்காலக் கிணறு பற்றிய கட்டுரை படித்தேன். படமெல்லாம் வெண்கலப் பாத்திரங்களுக்கே போய்விட்டது. எனக்கு அதில் சிறு வருத்தம்.

பாறையைக் குடைந்து 32 மீட்டருக்கு மேல் இறங்கும் கிணறு அது. ரோமருக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர் காலத்திலும் ரோமர் காலத்திலும் புழங்கியது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நான்சி டி கிரம்மண்ட் குழு நான்கு ஆண்டுகள் தோண்டி, 2014இல் முடிவுகளை வெளியிட்டது. 14 வெண்கலப் பாத்திரங்கள் கிடைத்தது உண்மைதான். ஆனால் அதே சேற்றில் சுமார் 500 திராட்சை விதைகளும் இருந்தனவே! சாதாரண மண்ணில் மட்கிப் போயிருக்கும்; தண்ணீருக்கடியில் காற்றுப் படாததால் தப்பின. மரச்சாமான்களும் அப்படித்தான். வாளித் துண்டுகள், கரண்டி போன்ற ஒன்று, குழந்தையின் பம்பரமாக இருக்கலாம் என்று சொல்லப்படும் ஓர் உருண்டை.

அந்த ஊர் இருப்பது ஒயினுக்குப் பேர்போன கியாந்தி பகுதியில். அங்கே அன்று எந்த வகைத் திராட்சை இருந்தது என்று ஆராய விதைதான் வேண்டும், பாத்திரம் சொல்லாது. அப்புறம், எல்லாம் கைதவறி விழுந்தவையும் அல்ல. சிலவற்றைக் காணிக்கையாகப் போட்டிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்த முறை விதைகளின் படத்தையும் போடுங்கள்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்