விளையாட்டுப் பீரியடில் கை வைக்காதீர்கள்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் கால அட்டவணை போடும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். குழந்தை மருத்துவம், பிசியோதெரபி, உடற்கல்வி ஆகிய துறைகளில் வேலை செய்பவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் எப்போது ஓடலாம், எப்போது கழிப்பறைக்குப் போகலாம், இரவு எத்தனை மணிக்குப் படுக்க முடியும் என்பதையெல்லாம் பெரும்பாலும் உங்கள் கால அட்டவணைதான் முடிவு செய்கிறது. அதில் சில மாற்றங்களைக் கேட்கிறோம்.

தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டுப் பீரியட். பாடம் பாக்கி இருக்கிறது என்று எடுத்துக்கொண்ட பீரியடை யாரும் திருப்பித் தருவதில்லை. 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. எலும்பு விஷயத்தில் இந்த வயதைத் தவறவிடக் கூடாது. பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள 2 ஆண்டுகளில் மட்டும், பெரியவர்களான பிறகு இருக்கப்போகும் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது. அதற்கு உதவுவது குதிப்பதும் தாண்டுவதும் ஸ்கிப்பிங்கும்தான். கை காலை நீட்டி மடக்கும் டிரில் இந்த வேலையைச் செய்யாது.

பீரியட் கையில் இருந்தாலே போதாது. 40 நிமிடத்தில் வரிசையாக இறங்கிப் போக 5, வருகைப் பதிவுக்கு 5, அணி பிரிக்க 5, திரும்பி வர 5 என்று பாதி கரைந்துவிடும். மிச்சமுள்ள 20 நிமிடத்தில் 40 பேருக்கு ஒரே பந்து என்றால், கெட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஓடுவார்கள், மற்றவர்கள் நிற்பார்கள். ஒருநாள் கடிகாரத்தோடு மைதான ஓரத்தில் நின்று பாருங்கள். நன்றாக விளையாடாத ஒரு பிள்ளையை மட்டும் கவனித்து, அது உண்மையில் அசைந்த நிமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இலக்கத்தைத் தொட்டாலே பெரிது.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. பிள்ளைகளை நான்கு நான்கு பேராகப் பிரித்து, இரண்டு குழுவுக்கு ஒரு பந்தும் ஒரு சின்ன ஆடுகளமும் கொடுக்க வேண்டும். 40 பேருக்கு 5 பந்து போதும். அணியை ஆசிரியரே வகுப்பிலேயே பிரித்துவிட வேண்டும். தலைவர்கள் ஆள் பொறுக்கும் முறையில் கடைசியாக நிற்கும் பிள்ளை ஒவ்வொரு வாரமும் அதே பிள்ளைதான். ‘அவுட்’ ஆனவர் உட்காரும் விளையாட்டுகளை விட்டுவிடுங்கள். மெதுவாக ஓடும் பிள்ளை, அதாவது ஓட்டம் அதிகம் தேவைப்படும் பிள்ளை, முதல் நிமிடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. வேகம் போதுமா என்று பார்க்க: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். ஒரு சொற்றொடரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் தீவிர வேகம்.

வெளியே இருப்பது கண்ணுக்கும் வேண்டும். சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் கூடுதலாக 40 நிமிட வெளிவகுப்பு வைத்து 3 ஆண்டுகள் ஆய்வு நடத்தினார்கள். வழக்கமான பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளிவகுப்பு வைத்த பள்ளிகளில் 30.4. அங்கே பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கிடைத்தது வெளியில் இருக்கும் நேரம்தான்.

தண்டனையையும் விளையாட்டையும் தயவுசெய்து முடிச்சுப் போடாதீர்கள். வீட்டுப்பாடம் எழுதாதவனை இடைவேளையில் உட்கார வைப்பதும் தவறு, மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதும் தவறு. முன்னது உடலுக்குத் தேவையானதைப் பறிக்கிறது. பின்னது ஓட்டம் என்றாலே தண்டனை என்று மனதில் பதிய வைக்கிறது.

வலி என்று வரும் பிள்ளையை ‘சாக்கு’ என்று தள்ளாதீர்கள். 8 முதல் 14 வயதில் ஓடி விளையாடும் பிள்ளைகளுக்குக் குதிகால் வலி சகஜம். குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளரும் மென்மையான பகுதி, இன்னும் மூடியிருக்காது. கெண்டைக்கால் தசைநார் அந்த இடத்தைத்தான் இழுக்கிறது. குதிகாலின் இரு பக்கமும் விரலால் அழுத்தினால் வலிக்கும். சில வாரம் குதிப்பதையும் ஓடுவதையும் குறைத்து, செருப்பில்லாமல் கடினத் தரையில் ஓடுவதைத் தவிர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நொண்டியபடி தொடையோ முழங்காலோ வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை, அதிலும் எடை கூடுதலான பிள்ளை, வேறு கதை. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை நழுவியிருந்தாலும் வலி முழங்காலில்தான் தெரியக்கூடும். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவதால் இது தவறிப்போகிறது. அந்தப் பிள்ளையை நடக்கவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எடை பார்ப்பதாக இருந்தால் தனி அறையில், எண்ணை உரக்கச் சொல்லாமல் பாருங்கள். பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) வரம்புகள் இந்த வயதுக்குப் பொருந்தாது. வயதையும் பாலினத்தையும் வைத்த வளர்ச்சி வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். விறுவிறுவென்று உயர்வதற்கு முன் உடல் கொஞ்சம் பூசினாற்போல் ஆவது பல பிள்ளைகளுக்கு இயல்பு. அந்த நேரத்தில் சொல்லும் ஒரு கேலிச் சொல், சாப்பாட்டையே வெறுக்க வைத்துவிடும்.

கழிப்பறை உங்கள் அட்டவணையில் இல்லை, ஆனால் அதோடு பின்னியது. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் போகக் கூசி, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடக்கி அடக்கி மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. பாட நடுவில் கேட்டாலும் அனுப்புங்கள். சில பெண் பிள்ளைகளுக்கு 9, 10 வயதிலேயே மாதவிடாய் தொடங்கிவிடும். நடுநிலை வகுப்புகள் உள்ள தளத்தில் மட்டுமல்ல, நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போகும் கழிப்பறையிலும் உள்தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி வேண்டும். நாப்கின் யாரிடமும் கேட்காமல் எடுக்கும் இடத்தில் இருக்கட்டும்.

கடைசியாகத் தூக்கம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை. காலை 6 மணிக்கு எழ வேண்டிய பிள்ளை 9 மணிக்காவது தூங்கியிருக்க வேண்டும். 5 ஆசிரியர்கள் ஆளுக்கு 20 நிமிட வேலை கொடுத்தால் 100 நிமிடம் ஆகிறது. கொடுத்தவர் யாருக்கும் மொத்தம் தெரிவதில்லை. ஆசிரியர் அறையில் வகுப்புக்கு ஒரு பலகை மாட்டி, கொடுத்த வேலைக்கு எத்தனை நிமிடம் என்று அவரவர் எழுதட்டும். நீங்கள் வைத்த உச்சவரம்பை எட்டியதும் அடுத்தவர் மறுநாளுக்குத் தள்ளி வைக்கட்டும். இரவில் வகுப்புக் குழுவில் செய்தி போட்டு ‘நாளைக்குக் கொண்டு வரவும்’ என்பதை நிறுத்துங்கள்.

அடுத்த அட்டவணை அச்சாகும்போது விளையாட்டுப் பீரியடுகளின் கீழே ‘வேறு பாடத்துக்கு மாற்ற இயலாது’ என்று ஒரு வரி சேர்த்து, தலைமையாசிரியர் கையொப்பம் இடுங்கள். ஒரு பிரதியைப் பெற்றோருக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குழந்தை நலத் துறைகளில் பணிபுரிவோர்